அவன் உச்சிக்கு வருமுன்

அக்காவுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விரோதிதான் இருந்தான். அவன் தினமும் காலையில் கடலுக்குள்ளிருந்து எழும்பி வருவான். அவனைப் பெயர் சொல்லி மரியாதைப்படுத்த அக்கா ஒருநாளும் விரும்பியதில்லை. அவன் வந்திட்டான் என்பார், இண்டைக்குக் கடும் கோவத்தில நிக்கிறான் என்பார், அவன் மேகத்துக்குள்ள போகட்டும் மறுகா பாப்பம் என்பார். நான் அந்தக் கந்தோருக்கு மாற்றலாகி வந்த புதிதில், இது அக்காவைக் கைவிட்டுப் போன புருசனைப் பற்றிய பேச்சு என்று நினைத்து இரண்டு கிழமை இரக்கப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அக்கா கலியாணமே கட்டவில்லை. அவன் என்றது சூரியனை.

மட்டக்களப்புப் பட்டணத்தில், வாவிக்கரையோரமாக இருந்த ஒரு காணிக் கந்தோர், அரசாங்க நில அலுவலகம், அது. எனக்குப் பக்கத்து மேசையில் அக்கா தட்டெழுத்தராக இருந்தார். பறங்கி ஆள். போர்த்துக்கேயர் விட்டுப்போன குடும்பப் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது வரவுப் பதிவேட்டின் கட்டத்துக்குள் அடங்காததால் எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டோம். அவரைவிட மூத்தவரான பெரிய கிளாக்கர் மட்டும் மிஸ் என்பார். அக்கா நல்ல உயரம், மெலிவு, எப்போதும் பூப்போட்ட சட்டை. காலை ஆறரைக்கே வந்து, காவலாளியை எழுப்பிக் கதவைத் திறக்க வைத்து, பத்து மணிக்குள் அன்றைய வேலை முழுவதையும் தட்டி முடித்துவிடுவார். நாங்கள் எட்டரைக்கு வியர்த்து விறுவிறுத்து வந்து சேரும்போது அவர் பாதி நாளைக் கடந்திருப்பார்.

பத்துக்குப் பிறகு விரல்கள் சொல்வழி கேட்காது. பதினொன்றுக்கு இடது கால் இழுபடத் தொடங்கும். பன்னிரண்டுக்கு நாக்கும் அதனோடு கூட்டுச் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் தொலைபேசியை எடுத்தாரென்றால் மறுபக்கத்தில் இருப்பவர்கள் கந்தோரில் ஏதோ விருந்து நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பறங்கி ஆட்கள் என்றால் போத்தலோடுதான் பிறந்தவர்கள் என்று எங்கள் ஊரில் சிலருக்கு ஒரு நினைப்பு. அக்கா மாதா கோயில் திராட்சை இரசத்தைத் தவிர வேறொன்றையும் வாயில் வைத்ததில்லை. நாலு மணிக்கு வாவிக் காற்று வீசத் தொடங்கியதும் ஒன்றும் நடவாததுபோல எழும்பி நேராக நடந்து வீட்டுக்குப் போவார்.

நேராகத்தான் நடப்பார், ஆனால் சில நாட்களில் ஒற்றைச் செருப்போடு. இடது காலில் செருப்பு கழன்று விழுந்தால் அவருக்குத் தெரியாது. சந்தையடி மீன்காரர்கள் முதல் பாலத்தடி ஓட்டோக்காரர்கள் வரை எல்லாருக்கும் அந்தச் செருப்பு அறிமுகம். யாராவது கொண்டுவந்து கந்தோர் யன்னலில் வைத்துவிட்டுப் போவார்கள். இதெல்லாம் செருப்புக் கடைக்காரன் வாரை நீட்டிவைத்த பிழை என்று அக்கா சொல்வார்.

எல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஒரு குற்றவாளி இருந்தான். அவனில்லாவிட்டால் இன்னொருவன். தலையைக் குனிந்தால் பிடரியிலிருந்து குதிக்கால் வரை கரண்ட் ஓடுகிறது என்று கொம்பியூட்டர் மேல் குற்றம் சாட்டினார். மின்வேலைக்காரர் மூன்று தரம் வந்தார். மூன்றாம் தரம் அக்கா அவரைத் தன் கதிரையில் உட்கார வைத்து, தலையைக் குனியச் சொல்லி, "இப்ப அடிக்கிதா?" என்று கேட்டார். அந்த மனிதர் பாவம், தலையைப் பத்துத் தரம் குனிந்து நிமிர்ந்துவிட்டு, லேசாக அடிக்கிற மாதிரித்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பிப் போனார். இடுப்பைச் சுற்றி யாரோ பட்டியால் இறுக்குவதுபோல இருக்கிறதென்று தையல்காரியைத் திட்டி, சட்டைகளின் மூட்டுகளை எல்லாம் பிரிக்கச் செய்தார். சட்டை சாக்கு மாதிரித் தொங்கிய பிறகும் இறுக்கம் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போங்களேன் என்று நான் சொல்லாத நாளில்லை. அக்கா போயும் இருக்கிறார். காலை ஏழு மணிக்கு, அவனுக்குக் கோவம் ஏறுமுன், அணிவகுப்பில் நடக்கிற மாதிரி நடந்து போய் டொக்டரிடம் காட்டினால் அவருக்கு என்ன தெரியும்? விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பினார். மத்தியானம் போங்கள் என்றேன். அப்போதுதான் அக்கா உண்மையைச் சொன்னார்.

"மத்தியானம் போனா அவங்க இதுக்கு ஒரு பேர் வைப்பாங்க புள்ள. பேர் வைச்சா வீட்டுக்கு அனுப்புவாங்க. வீட்டில என்ன இரிக்கி எனக்கு? நாலு சுவரும் ஒரு மணிக்கூடும்."

அந்த ஒரே பயம்தான் அவருக்கு. நோய் வருத்தத்துக்கு அவர் பயப்படவில்லை, வீட்டுக்கு அனுப்பப்படுவதற்குத்தான் பயந்தார். தாயும் தகப்பனும் போய், தமையன்மார் அவுஸ்திரேலியா போய், அக்காவுக்கு மிஞ்சியது நாங்கள் ஒன்பது பேரும் இந்தக் கந்தோரும் போகிற வழியில் கதவைத் தட்டிக் கதைத்துவிட்டுப் போகிற இருபது முப்பது வீடுகளும்தான்.

இனி, பெரிய கிளாக்கரின் கதை. அக்காவுக்கு வெயில் ஏறினால் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். எழுத்து இரண்டு வரியாகத் தெரிந்தால் தட்டுவது எப்படி? ஆகவே இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்ப்பார். அவருடைய மேசைக்கு நேர் எதிரே பெரிய கிளாக்கரின் மேசை. பெரிய கிளாக்கர் மனைவியை இழந்து ஆறு வருடம் ஆனவர், ஒரு சொல்லுக்கு இரண்டாம் சொல் பேசாதவர். அவர் தலையை நிமிர்த்தும் போதெல்லாம் எதிரே ஒரு பெண் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தன்னையே பார்க்கக் கண்டால் என்ன நினைப்பார்? முதல் மாதம் அவர் தன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் மாதம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். மூன்றாம் மாதம் அக்காவின் மேசைமேல் ஒரு வாழையிலைப் பொதி இருந்தது, உள்ளே பாலப்பம்.

விசயத்தை நான்தான் அக்காவுக்கு விளக்கினேன். அக்கா சிரித்த சிரிப்பில் கதிரையிலிருந்து விழப் போனார். "இஞ்ச பாருகா, எனக்கு மத்தியானத்தில அந்த மனிசன் ரெண்டு பேராத் தெரியிறார். ஆரப் பாத்து நான் கண்ணடிக்கிறது?" என்றார். ஆனாலும் பாலப்பத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கண்ணை மூடுவதற்கான காரணத்தைப் பெரிய கிளாக்கரிடம் சொல்லவும் விடவில்லை. அந்த மனிதர் கொஞ்சம் சந்தோசமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

நான் செய்த பிழையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இழுபடுகிற காலைக் கண்டால் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே முடிவு, வாதம். வாதம் என்றால் எல்லாருக்கும் ஒரே வைத்தியம், சூடு. கந்தோரில் ஆளுக்கொரு எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தார்கள். நான் ஒருபடி மேலே போய், என் ஊர் மண்டூருக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் நொச்சியிலையும் ஆமணக்கிலையும் அவித்த பெரிய பானைக்கு முன்னால் அக்காவை உட்கார வைத்து, மூன்று போர்வையால் மூடி வேது பிடிக்கச் செய்தார். சூடுதான் நரம்பை முறுக்கும் என்றார். உள்ளேயிருந்து அக்கா ஏதோ சொன்னார். வருத்தம் இறங்குகிறது, போர்வையை எடுக்காதீர்கள் என்றார் பரியாரியார். கால் மணித்தியாலம் கழித்து எடுத்தபோது அக்கா அவித்த கீரைபோலத் துவண்டு கிடந்தார். கையும் அசையவில்லை, காலும் அசையவில்லை. நான் செய்த பாவம் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். நாலு பேர் தூக்கி மாமரத்தடியில் கிடத்தி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். இரண்டு வாளிக்குப் பிறகு அக்கா எழும்பி உட்கார்ந்தார். "அவனைப் பானைக்குள்ள போட்டு அவிச்சுத் தந்திட்டீங்க புள்ள" என்றார். அதோடு நான் அவரோடு வழக்காடுவதை விட்டேன். வெயில்தான் காரணம் என்று அவர் சொன்னதை நம்பிய முதல் ஆள் நான்.

சுனாமியாகக் கடல் வந்த அன்று அக்கா கிறிஸ்து பிறந்த நத்தாருக்குச் சுட்ட கேக்கை அயலுக்குக் கொடுக்கப் போயிருந்தார். அவர்களுடைய பக்கம் முழுவதையும் கடல் அள்ளிக்கொண்டு போனது. அக்கா வாவிப் பக்கமாக ஓடி, ஒரு மாடி வீட்டின் படிகளில் ஏறித் தப்பினார். கையில் கேக்குத் தட்டு இருந்தது. ஐந்து நாள் கழித்து, தப்பியவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தபோது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதலில் இதைத்தான் சொன்னார்: "மார்கழி ஆனபடியாத் தப்பினன். மழைக்குளிர், கால் சொன்னதக் கேட்டுது. சித்திரையில வந்திருந்தா நான் இப்ப இல்ல." பிறகு கேக்கு கொடுக்கப் போன வீட்டாரைப் பற்றிச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீட்டில் ஐந்து பேர்.

சித்திரை வந்தது. அக்கா தறப்பாள் கூடாரத்தில் இருந்தார். வெள்ளைக்காரர்கள் நல்ல மனதோடு கொடுத்த கூடாரம்தான், ஆனால் உள்ளே போனால் பரியாரியாரின் போர்வை நினைவுக்கு வரும். காலை எட்டு மணிக்கே அக்கா விழுந்துவிடுவார். பக்கத்துக் கூடாரத்தில் மாங்கேணியிலிருந்து வந்த, மீனுக்கு ஐஸ்கட்டி விற்கிற ஒரு ஐஸ்காரர் இருந்தார். அந்த மாதங்களில் கடல் மீனை யாரும் வாங்கவில்லை, ஏன் என்று கேட்கவும் தேவையில்லை. ஐஸ் போட மீனில்லை. ஒருநாள் அவர் மனம் வெறுத்து, பாதி உருகிய ஒரு கட்டியைக் கூடார வாசலில் போட்டுவிட்டுப் போனார். நிழலில் சாய்ந்திருக்க இடம் தேடிய அக்கா அதில் முதுகைக் கொடுத்தார். அரை மணித்தியாலம் கழித்து எழும்பி, நேராக நடந்து, கூடார வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பினார். போகிற வழியில் ஒவ்வொரு கூடாரத்திலும் நின்று கதைத்துக்கொண்டே போனார். அன்றிலிருந்து ஐஸ்காரர் அக்காவுக்கு வைத்தியர். பழைய வீடிருந்த தெருவிலேயே திருத்திக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு மாறிய பிறகும், கந்தோரில் அக்காவின் மேசைக்குக் கீழே மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கிற மாதிரி ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி இருந்தது. இரண்டு பாதமும் அதற்குள் ஐஸில் இருக்கும். மேசை விரிப்பைத் தரைவரை தொங்கவிட்டிருந்தோம்.

யுத்தம் முடிந்துவிட்டதென்று ரேடியோ சொன்ன மாதத்தில்தான் அந்த விரிப்பும் விலகியது. வெளியே வெடி கொளுத்தினார்கள். யுத்தம் நடந்த வன்னிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். புதிதாக வந்திருந்த தலைமை அதிகாரி எல்லா மேசைகளையும் சுற்றி வந்தார். மத்தியானம், மின்சாரம் இல்லை, ஐஸ் முழுக்க உருகிவிட்டது. அக்கா மரியாதைக்கு எழும்பினார். எழும்பி, ஆடி, அதிகாரியின் கழுத்துப்பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மருத்துவ சபைக்கு முன் தோன்ற வேண்டும், உடல் தகுதியில்லையென்றால் ஓய்வில் அனுப்பப்படுவார்.

அக்கா அந்தக் கடிதத்தை ஒற்றைக் கண்ணால் இரண்டு தரம் வாசித்தார். அன்று அவர் யாரையும் குற்றம் சாட்டவில்லை. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

சபை பட்டணத்தின் மறுகரையில், ஒரு பழைய கட்டிடத்தின் மேல்மாடியில் பத்து மணிக்குக் கூடுவதாக இருந்தது. திட்டம் போட்டது பெரிய கிளாக்கர். ஒரு சொல்லுக்கு இரண்டாம் சொல் பேசாத அந்த மனிதர் ஒரு முழுத்தாளில் படம் வரைந்து விளக்கினார். ஐஸை உடைத்துப் பொலித்தீன் பைகளில் கட்டி, அக்காவின் இடுப்பிலும் முதுகிலும் தொடைகளிலும் சீலைத் துண்டால் சுற்றுவது. மேலே அகலமான சட்டை, தோளில் சால்வை. மாற்று ஐஸோடு ரெஜிபோம் பெட்டி ஓட்டோவில் வரும். சட்டைக்கு உள்ளே நடக்கவேண்டிய வேலைகளைப் பெண் என்பதால் நான் பார்த்துக்கொள்வதென்றும் அந்தத் தாளில் நாணத்தோடு எழுதியிருந்தார்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள். சிப்பாய் பெட்டியைத் திறந்தான். ஐஸ். கையை விட்டுக் கிளறினான். மேலும் ஐஸ். "மாலு கோ?" என்றான், மீன் எங்கே என்று. மீன் இல்லை என்றோம். ஐஸ் இல்லாமல் மீன் கொண்டு போகிறவர்களை அவன் கண்டிருக்கிறான், மீன் இல்லாமல் ஐஸ் கொண்டு போகிறவர்களைக் கண்டதில்லை. பெட்டியைத் தரையில் கொட்டி ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார்கள். பெண் சிப்பாய் அக்காவைத் தடவிச் சோதித்து, இடுப்பில் கை பட்டதும் துள்ளிப் பின்னால் போனாள். அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், நான் செத்துப் போகவில்லை மகளே, கொஞ்சம் குளிர், அவ்வளவுதான் என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். போக விட்டார்கள், ஆனால் முக்கால் மணித்தியாலம் போயிருந்தது. மாற்று ஐஸ் எல்லாம் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

மேல்மாடியில் மின்விசிறி சுற்றவில்லை. எங்களுக்கு முன்னால் ஏழு பேர். அக்காவின் முறை வரும்போது அவன் நேர் உச்சியில் நின்றான். அக்கா எழும்பினார், சால்வையைச் சரிசெய்தார், கதவிலிருந்து கதிரைவரை ஒன்பது அடியை நேராக நடந்தார். துணைக்கென்று என்னை உள்ளே விட்டார்கள். மூன்று டொக்டர்மார். நடுவில் இருந்த வயதானவர் கடிதத்தைப் பார்த்து, அக்காவைப் பார்த்து, இவரில் என்ன குறை என்று கேட்கத் தொடங்கினார். அப்போதுதான் சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கதிரைக்குக் கீழே தண்ணீர் ஒரு கோடாகப் புறப்பட்டு டொக்டர்மாரின் மேசையை நோக்கிப் போனது.

வயதானவர் கண்ணாடியைக் கழற்றினார். மிக மெதுவாக, "இது எவ்வளவு காலமா இப்பிடி, அம்மா? அடக்க ஏலாமப் போறது?" என்று கேட்டார்.

அக்காவின் முகம் சிவந்தது. ஓம் என்றால் ஓய்வு. ஐஸ் என்றாலும் ஓய்வு. ஓரத்தில் இருந்த இளம் டொக்டர் எழும்பி வந்து, குந்தி, அந்தத் தண்ணீரில் விரலை வைத்தார். விரலை மூக்கருகில் கொண்டுபோனார். மீன் வாடியிலிருந்து வந்த ஐஸ் அல்லவா, பாரைமீன் மணம் அறையெங்கும் பரவத் தொடங்கியிருந்தது.

"இது ஐஸ்" என்றார் அவர். "ஏன் ஐஸ்?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சால்வையை எடுத்து மடியில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவன் உச்சிக்கு வந்தால் கால் போவதை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் திரும்பி வருவதை, மண்டூர்ப் பானையை. இளம் டொக்டர் இடைக்கிடை கேட்டுக்கொண்டே இருந்தார். தலையைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடிக்குமா? இடுப்பில் பட்டி இறுக்குமா? இரண்டாகத் தெரியுமா? செருப்பு கழன்றால் தெரியாதா? அக்கா ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்றார். நாலாவது ஓமில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அந்தக் கேள்விகளை அவரிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அதன் பெயர் மல்டிபிள் ஸ்கிளரோசிஸாக இருக்க வேண்டும், படம் பிடித்துப் பார்த்துத்தான் உறுதி சொல்லலாம் என்றார் டொக்டர். "நீங்க சொன்னது சரி. வெயில் பட்டாத்தான் கூடுது. ஆனா குறை உள்ளுக்க கிடக்கு. வயருக்கு மேல ரப்பர் உரிஞ்சு போனா எப்பிடி, அப்பிடி உங்கட நரம்பு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கேட்டியா புள்ள? கரண்ட் ஒழுகுதெண்டு நான் அண்டைக்கே சொன்னன். கொம்பியூட்டர் எண்டு நினைச்சதுதான் பிழை." பிறகு டொக்டரிடம், "என்ன வீட்டுக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டார்.

அனுப்பவில்லை. கொழும்பில் படம் பிடித்துப் பெயர் உறுதியான பிறகு, குளிரான இடத்தில் பணிபுரியத் தகுதியுடையவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். டொக்டர் நினைத்தது குளிரூட்டிய ஒரு அறையை. எங்கள் கந்தோரில் அப்படி ஒரேயொரு அறைதான் இருந்தது, அதில் தலைமை அதிகாரி இருந்தார். அவர் கடிதத்தை மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடத்தில் யாரோ வரைபடத்தை விரித்து, நாட்டிலேயே குளிரான இடம் எதுவென்று பார்த்திருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் அக்காவுக்கு நுவரெலியாவுக்கு மாற்றம் வந்தது.

பிரியாவிடையில் பெரிய கிளாக்கர் ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தார். மட்டக்களப்பில் அதை எந்தக் கடையில் வாங்கினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா போன பிறகு அவர் தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்திவிட்டார்.

நுவரெலியாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தொலைபேசி எடுப்பார். கால் இழுபடவில்லை, நாள் முழுக்கத் தட்டெழுதுகிறார், மத்தியானத்திலும் எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது, அவன் பனிக்குள் ஒளிந்து கிடக்கிறான் என்பார். ஆனால் அவனைப் பற்றிய பேச்சு வரவரக் குறைந்தது. ஏறத்தாழ ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறு இப்படிச் சொன்னார்.

"நல்லா நடக்கிறன் புள்ள. எவ்வளவு தூரமும் நடக்கிறன். போறதுக்கு ஒரு வீடில்ல."

அடுத்த மாதம் தானாகவே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்கா திரும்பி வந்த பஸ் மட்டக்களப்பில் வந்து நின்றபோது சரியாகப் பன்னிரண்டு மணி. சித்திரை மாதம். நான் குடையோடு நின்றேன். எனக்கு முன்னாலேயே பெரிய கிளாக்கர் வந்து நின்றிருந்தார், கையில் ரெஜிபோம் பெட்டி. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் வந்து நின்றார். வெயில் நேராக உச்சந்தலையில் அடித்தது. தலையை நிமிர்த்தி அவனை ஒருதரம் பார்த்தார். "சுகமா இரிக்கியா?" என்று கேட்டார். இறங்கினார். இடது செருப்பு படியிலேயே கிடந்தது, அவருக்குத் தெரியவில்லை. பெரிய கிளாக்கர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து செருப்பை எடுத்து, குந்தியிருந்து அவர் காலில் மாட்டிவிட்டார். பஸ் நிலையத்தில் அத்தனை சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்தபோது அக்கா இடது கண்ணை மூடினார்.

அக்காவின் வருத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். வெயிலில் எல்லாம் இரண்டாகத் தெரிந்து மூடிய கண், நிழலுக்குப் போகும்வரை மூடியபடிதான் இருக்கும். அன்று அந்தக் கண், அந்த வெயிலிலேயே, உடனே திறந்தது.